வெளியே ஒரு வயிறு, சுற்றிலும் ஒரு வழவழப்பு

அம்மாவின் மைசூர் சில்க் புடவையைக் கெடுத்தது நான்தான். அதில் சாம்பார் சிந்திய மறுநாள், உதவி செய்கிறேன் பேர்வழி என்று, ஒரு வாளியில் சோப்புத்தூளைக் கரைத்து ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். கறை போய்விட்டது. பெருமையாக இருந்தது. அடுத்த மாதம் காபி சிந்தியபோதும் அதே வைத்தியம். மூன்றாவது தடவை கறையோடு பளபளப்பும் சேர்ந்து போனது. வெயிலில் பிடித்துப் பார்த்தால் மேலே பஞ்சு பஞ்சாகச் சிலும்பியிருந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கத்தில் எறும்பு சைஸ் எழுத்தில், பட்டுக்கும் கம்பளிக்கும் பயன்படுத்த வேண்டாம் என்று போட்டிருந்தது. அதற்கு மேலே, உள்ளே இருப்பவற்றின் பட்டியலில் 'என்சைம்கள்'.

பெங்களூரில் சில்க் போர்டு ஜங்ஷனில் தினமும் இரண்டு வேளை ஊர்ந்து போகிறவன் நான். மத்தியப் பட்டு வாரியத்தின் வாசலில் ஆயுளில் ஒரு பங்கைக் கழித்தும், பட்டு என்பது புரதம் என்ற விஷயம் மண்டையில் ஏறியிருக்கவில்லை. சோப்புத்தூளில் இருந்த என்சைம், அதாவது நொதி, புரதத்தை வெட்டுகிற ரகம். சாம்பாரில் உள்ள பருப்பும் புரதம், புடவையும் புரதம். அதற்கு இரண்டும் ஒன்றுதான், அகப்பட்டதை வெட்டியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. கச்சாப் பட்டு நூலைச் சுற்றி செரிசின் என்று பசை போன்ற ஒரு புரதம் ஒட்டியிருக்கும். எடையில் கிட்டத்தட்ட கால்வாசி. அதை நீக்கினால்தான் பட்டுக்கு மினுமினுப்பு வரும். வழக்கமாக சோப்பும் சோடாவும் போட்டுக் கொதிக்கவைத்து நீக்குவார்கள். இதே வகை நொதியைக் கொண்டும் நீக்கலாம். அளவும் நேரமும் தெரிந்தவர் கையில் பட்டுக்கு மினுமினுப்பைக் கொடுப்பதுதான் என் வாளியில் அதைப் பறித்துக்கொண்டது.

சரி, இந்த வெட்டும் சாமான் எங்கிருந்து வருகிறது? சோப்புத்தூளுக்கு அதிகம் பயன்படுவது சப்டிலைசின் என்ற நொதி. அதைத் தருவது பேசில்லஸ் இனத்து பாக்டீரியாக்கள், குறிப்பாக பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ். மண்ணில் வாழ்வது, பறவை இறகுகளிலும் குடியிருக்கும். இறகும் புரதம்தான், அதுவும் லேசில் மக்காத கெட்டிப் புரதம். உதிர்ந்த இறகைத் தின்று பிழைக்கத் தெரிந்த ஒன்றுக்குப் பருப்புக் கறை ஒரு பொருட்டா?

தின்று என்று சொன்னேன்; ஆனால் அதற்கு வாய் கிடையாது. பூஞ்சைக்கும் கிடையாது. நாம் உணவை உள்ளே தள்ளிவிட்டுச் செரிக்கிறோம். இவை செரித்துவிட்டு உள்ளே எடுத்துக்கொள்கின்றன. உட்கார்ந்த இடத்தில் நொதிகளைச் சுரந்து வெளியே விட்டு, சுற்றியிருக்கும் மரத்தையோ சோற்றையோ இறகையோ கரையும் அளவுக்குச் சின்னத் துண்டுகளாக்கி, அந்தக் கரைசலை உறிஞ்சிக்கொள்கின்றன. வயிறு உடம்புக்கு வெளியே இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மனிதனுக்கு இது பெரிய வசதி. மாட்டின் வயிற்றிலிருக்கும் நொதி வேண்டுமென்றால் மாட்டை அறுக்க வேண்டும். இங்கே பாத்திரத்தை வடிகட்டினால் போதும்.

நொதியோடு இவை இன்னொன்றையும் வெளியே விடுகின்றன: வழவழப்பு. சர்க்கரைத் துண்டுகளை ஆயிரக்கணக்கில் கோத்து நீளமான சங்கிலியாக்கி, தம்மைச் சுற்றிக் கூழாகப் பரப்பிக்கொள்கின்றன. பள்ளிப் புத்தகத்தில் பலபடி என்று படித்திருப்போம்; ஆய்வகத்திலும் ஆலையிலும் பாலிமர் என்பார்கள். ஈரம் காயாமல் இருக்க, ஓரிடத்தில் ஒட்டிக்கொள்ள, எதிரி நெருங்காமல் தடுக்க, எல்லாவற்றுக்கும் அந்தக் கூழ்தான் அவற்றுக்கு வீடு. சில பாக்டீரியாக்கள் உடம்புக்குள்ளேயே கொழுப்பு மாதிரி ஒரு பாலிமரைச் சேமித்தும் வைக்கும். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

இவற்றை நாம் என்னென்னவோ காரியத்துக்கு வாங்குகிறோம். ஆனால் உற்றுப் பார்த்தால் வெட்டுவதற்கு வயிற்றையும், பிடித்து நிறுத்துவதற்கு வழவழப்பையும் கேட்கிறோம். நுண்ணுயிர் எதற்கு வைத்திருந்ததோ, பெரும்பாலும் அதற்கேதான்.

'என்சைம்' என்ற சொல்லை 1870-களில் உருவாக்கியவர் ஜெர்மானியரான கூனே. கிரேக்கத்தில் 'புளிப்புமாவில் இருப்பது' என்று பொருள். தமிழில் நொதி என்று வைத்தவர்களும் நொதித்தலிலிருந்துதான் எடுத்திருக்கிறார்கள். இரண்டு மொழியும் மாவுப் பாத்திரத்துக்குள்தான் கையை விட்டிருக்கின்றன.

இதை முதலில் பெரிய வியாபாரமாகப் பார்த்தவர் ஜப்பானிய வேதியியலாளர் ஜோகிச்சி தகாமினே. ஜப்பானில் சாக்கே என்ற அரிசி மதுவுக்கும் சோயா சாஸுக்கும் அரிசியிலோ கோதுமையிலோ ஒரு பூஞ்சையைப் படரவிடுவார்கள். ஆஸ்பர்ஜில்லஸ் ஒரைசே என்று பெயர். அதன் மாவுச்சத்தை உடைக்கும் நொதியைத் தவிட்டில் வளர்த்துப் பிரித்தெடுத்து, 1894-ல் அமெரிக்காவில் காப்புரிமை வாங்கினார். 'தகா டயாஸ்டேஸ்' என்று அஜீரண மருந்தாக விற்றது. நம்மூர் மெடிக்கல் ஷாப்பில் வயிறு உப்புசத்துக்கு வாங்கும் சிரப்பின் லேபிளைப் படித்துப் பாருங்கள். பலவற்றில் 'ஃபங்கல் டயாஸ்டேஸ்' என்று இருக்கும். கல்யாணச் சாப்பாடு செரிக்கவில்லை என்று நாம் குடிப்பது பூஞ்சையின் வயிற்றில் ஒரு தேக்கரண்டி.

இனி ஓசூர் ரோட்டுக்கு வருவோம். எலெக்ட்ரானிக் சிட்டியைக் கடக்கும்போது கண்ணில் படும் பயோகான் இன்று இன்சுலினுக்கும் புற்றுநோய் மருந்துக்கும் பெயர் போனது. 1978-ல் ஒரு வாடகை வீட்டின் கார் ஷெட்டில் ஆரம்பித்தபோது அது நொதிக் கம்பெனி. அதை ஆரம்பித்த கிரண் மஜும்தார் பீர் தயாரிக்கும் தொழிலை ஆஸ்திரேலியாவில் படித்துவிட்டு வந்தவர். பெண்ணுக்கு மதுவடிசாலையில் வேலை தர இங்கே ஆளில்லை. அயர்லாந்தின் கார்க் நகரத்தைச் சேர்ந்த ஒரு நிறுவனத்தோடு சேர்ந்து அவர் ஆரம்பத்தில் செய்தவை இரண்டு. ஒன்று, பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பப்பெய்ன். இன்னொன்று, மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசின்கிளாஸ். இரண்டுமே பீரைக் கலங்கல் இல்லாமல் தெளியவைக்க உதவுபவை. முதலாவது ஒரு நொதி, இரண்டாவது கொலாஜன் என்ற பாலிமர். நம் கட்டுரையின் இரண்டு கட்சிகளும் அந்த ஷெட்டிலேயே இருந்தன என்று சொல்லலாம்.

ஆனால் பப்பாளி மரத்தில் ஏறி இறங்கும் தொழிலுக்கு ஓர் எல்லை உண்டு. காயைக் கீறிப் பால் எடுக்க வேண்டும், மழை வந்தால் கெடும், சீசன் மாறினால் தரம் மாறும். பூஞ்சைக்கு இந்தத் தொல்லை கிடையாது. பயோகான் அதன் பக்கம் திரும்பியதும், தட்டுகளில் வளர்க்கும் முறையைக் கையில் எடுத்ததும் இப்படித்தான். மைசூரில் 1950-லிருந்து இயங்கும் சிஎஃப்டிஆர்ஐ உணவு ஆராய்ச்சி நிறுவனமும் இந்த முறையில் நிறைய வேலை செய்திருக்கிறது. கேட்டால் சமையல் குறிப்பு மாதிரி இருக்கும். கோதுமைத் தவிட்டைப் புட்டு மாவு பதத்துக்கு ஈரமாக்கி, ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, பூஞ்சை வித்துகளைத் தூவிப் பிசிறி, தட்டுகளில் பரப்பி, சுமார் 30 டிகிரிச் சூட்டில் மூன்று நான்கு நாள் விட வேண்டும். வெள்ளையாகப் படர்ந்து தவிடு அடை மாதிரி இறுகிவிடும். பிறகு தண்ணீர் விட்டு அலசினால் நொதி அலசலில் வந்துவிடும். வீட்டு ஊறுகாயில் பூஞ்சணம் படர்ந்தால் தூக்கிப் போடுகிறோம். அங்கே படராவிட்டால்தான் தலைவலி. பூஞ்சை வளர வளரச் சூடு ஏறும். ஏறிய சூட்டை வெளியேற்றாவிட்டால் தன் சூட்டிலேயே அது செத்துப்போகும். வீட்டு அளவில் எளிதாகத் தெரிவது ஆலை அளவில் கஷ்டமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

2007-ல் பயோகான் தன் நொதிப் பிரிவை டென்மார்க்கின் நோவோசைம்ஸிடம் 11.5 கோடி டாலருக்கு விற்றுவிட்டு மருந்துப் பக்கம் முழுதாக நகர்ந்தது. வாங்கியவர்கள் 2024-ல் இன்னொரு டேனிஷ் நிறுவனத்தோடு இணைந்து நோவோனெசிஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். பூஞ்சை வளர்க்கக் கற்ற கை வீணாகவில்லை. கொழுப்பைக் குறைக்கும் லோவாஸ்டாட்டின் மருந்தையும் ஆஸ்பர்ஜில்லஸ் டெர்ரியஸ் என்ற பூஞ்சைதான் தருகிறது, இன்சுலினையும் ஈஸ்டில் தயாரிக்கிறார்கள். வியாபாரக் கணக்கில் சரியான முடிவாகவே இருக்கலாம். இருந்தாலும், இந்த ஊரில் கார் ஷெட்டிலிருந்து வளர்ந்த நொதித் தொழில் கைமாறிப் போனதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு.

எங்கள் தெருவில் ஒரு கிருஷ்ணகிரிக்காரர் இருக்கிறார். ஜீன்ஸ் வாஷிங் யூனிட்டில் வேலை. புது ஜீன்ஸை அங்கங்கே வெளிறிப்போன பழசு மாதிரி ஆக்குவதுதான் தொழில். முன்பெல்லாம் எரிமலைக் கல்லை மெஷினில் கொட்டித் துணியோடு சுற்றவிடுவார்கள். கல் உடைந்து பாக்கெட்டுக்குள் மண்ணாகச் சேரும், டிரம் தேயும். 1980-களின் கடைசியிலிருந்து அந்த வேலையைச் செல்லுலேஸ் என்ற நொதி எடுத்துக்கொண்டது. அது பருத்தி நூலின் மேற்பரப்பை மட்டும் லேசாகக் கடிக்கும். இண்டிகோ நீலம் நூலின் உள்வரை இறங்காமல் மேலேயே இருப்பதால், மேல் நார் உதிரும்போது நீலமும் உதிரும்.

அவர் சொல்வார்: "என்சைம ஊத்திட்டு டீ குடிக்கப் போயிடக் கூடாதுங்க. திரும்பி வந்தா பேண்ட் இருக்காது, நூல்தான் இருக்கும்." கொஞ்சம் மிகைதான், ஆனால் விஷயம் சரி. தண்ணீர் 50, 55 டிகிரி, லேசான புளிப்பு, மணி பார்த்து அரை மணியோ முக்கால் மணியோ ஓட்டம். முடிந்ததும் சோடா போட்டோ சூட்டை 80 டிகிரிக்கு ஏற்றியோ நொதியைக் கொன்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் அது தன் பாட்டுக்குக் கடித்துக்கொண்டே இருக்கும். வேலை முடிந்தது என்று அதற்கு யார் சொல்வது?

இந்தச் செல்லுலேஸின் பூர்வீகம் ஒரு போர்க்கதை. இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் அமெரிக்கப் படையின் கூடாரங்களும் பருத்திப் பட்டைகளும் மாதக்கணக்கில் மட்கி விழுந்தன. எது தின்கிறது என்று தேடினார்கள். சாலமன் தீவுகளிலிருந்து வந்த ஒரு துண்டு கித்தானில் ஒரு பச்சைப் பூஞ்சை அகப்பட்டது. கூடாரத்தைக் காப்பாற்ற ஆரம்பித்த ஆராய்ச்சி, பூஞ்சையைப் போற்றுவதில் முடிந்தது. அதை ஆராய்ந்த எல்வின் ரீஸின் பெயரில் டிரைக்கோடெர்மா ரீசியை என்று இன்று அழைக்கிறார்கள். தொழில்துறைச் செல்லுலேஸில் பெரும் பகுதி அந்த ஒற்றைக் கித்தான் துண்டின் வாரிசுகளிடமிருந்து வருவது.

பெங்களூரிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிறவர்களுக்கு வாணியம்பாடி, ஆம்பூர் வந்தால் மூக்கே சொல்லிவிடும். தோல் பதனிடும் ஊர்கள். தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்ஃபைடும் போடுவது வழக்கம். அழுகிய முட்டை வாடைக்கும் பாலாற்றின் கதிக்கும் அதில் பங்கு உண்டு. முடி வேரைப் பிடித்திருக்கும் புரதத்தை பாக்டீரியா நொதியால் தளர்த்தி, சல்ஃபைடைப் பெருமளவு குறைக்கும் வழிகளைச் சென்னை அடையாற்றில் 1948-லிருந்து இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியிருக்கிறது. எல்லாத் தொட்டிக்கும் அது போய்ச் சேர்ந்துவிட்டதா என்றால், மூக்கைக் கேளுங்கள். இதற்கு அடுத்த கட்டம் தோலை மிருதுவாக்குவது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை அதற்கு ஐரோப்பாவில் நாய்க் கழிவையும் புறா எச்சத்தையும் ஊறவைத்தார்கள். அதில் வேலை செய்தது நொதிதான் என்று கண்டுகொண்டு, 1907 வாக்கில் கணையத்து நொதியை வைத்து அந்த அசிங்கத்திலிருந்து தொழிலாளிகளை விடுவித்தவர் ஜெர்மனியின் ஓட்டோ ரோம். 1913-ல் துணி துவைக்கவும் நொதி கலந்த தூளை விட்டார். ஆனால் சோடாக் காரத்தில் விலங்கு நொதி தாக்குப்பிடிக்கவில்லை. காரத்துக்கு அஞ்சாத பேசில்லஸ் நொதி 1960-களில் வந்த பிறகுதான் சோப்புத்தூளுக்கு வாழ்வு வந்தது. அந்தப் பொடி பறந்து ஆலைத் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வந்ததும், மெழுகு போன்ற பூச்சு கொடுத்து அதை மணியாக்கியதும் அதற்கடுத்த அத்தியாயம்.

அப்புறம் அம்மாவின் காலை வேளை. எழுந்ததும் பல் தேய்த்துவிட்டு, விரலில் சுருக்கென்று குத்தி, ஒரு பொட்டு ரத்தத்தைக் குளுக்கோமீட்டர் பட்டையின் நுனியில் வைப்பார். ஐந்து வினாடியில் எண் வரும். எண்ணைப் பார்த்த பிறகுதான் அன்றைக்கு இட்லி மூன்றா நான்கா என்று முடிவு. அந்தப் பட்டையின் நுனியில் காய்ந்து கிடப்பது ஒரு நொதி. இந்த வகைப் பட்டைகளில் நெடுங்காலமாக இருந்தது குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ். தருவது ஆஸ்பர்ஜில்லஸ் நைஜர் என்ற கறுப்புப் பூஞ்சை, வெங்காயத் தோலில் கரிப்பொடி மாதிரி படர்கிற அதே குடும்பம். இப்போது பல பட்டைகளில் வேறொரு நொதியைப் போடுகிறார்கள். ரத்தத்தில் நூறு விதமான பொருள் கலந்திருந்தாலும் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் குளுக்கோஸை மட்டும் தேடிப் பிடித்து அதிலிருந்து எலெக்ட்ரான்களைப் பிடுங்கும். அந்த எலெக்ட்ரான் ஓட்டம்தான் மின்சாரமாகி, மீட்டரில் எண்ணாகிறது. நொதியையும் மின்முனையையும் சேர்க்கும் யோசனையை 1962-ல் கிளார்க்கும் லயன்ஸும் முன்வைத்தார்கள்.

பூஞ்சைக்கு எதற்கு இது? குளுக்கோஸை அது கையாளும்போது ஹைட்ரஜன் பெராக்ஸைடு உண்டாகும். பக்கத்தில் பங்கு கேட்டு வரும் பாக்டீரியாவுக்கு அது விஷம். பெனிசிலின் ஆராய்ச்சி சூடாக இருந்த 1940-களில், பெனிசிலினைத் தரும் பூஞ்சையின் சாற்றிலேயே கிருமியைக் கொல்லும் இன்னொரு பொருள் இருக்கிறது என்று பரபரப்பாகி, நொட்டாட்டின் என்று பெயரும் வைத்தார்கள். கடைசியில் பார்த்தால் அது குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ்தான். சோற்றுப் பங்காளியை விரட்ட வைத்திருந்த ஆயுதம் அம்மாவின் இட்லியை எண்ணிக்கொண்டிருக்கிறது.

இதே நொதி ரொட்டிக் கடைக்கும் போகிறது. மாவை முறுக்கேற்றப் பொட்டாசியம் புரோமேட் போடுவார்கள். 2016-ல் இந்தியாவில் அதற்குத் தடை வந்தது. அதற்கு மாற்றாகப் போடப்படுபவற்றில் குளுக்கோஸ் ஆக்ஸிடேஸும் ஒன்று. பாக்கெட்டில் சேர்மானங்களுக்குப் போடும் குறியீட்டெண் ஐஎன்எஸ் 1102 என்று இருந்தால் அதுதான். 1100 என்றால் மாவுச்சத்தை உடைக்கும் அமைலேஸ். கோழித் தீவனத்தில் பூஞ்சையின் ஃபைட்டேஸ், தானியத்துக்குள் பூட்டிக் கிடக்கும் பாஸ்பரஸைக் கோழிக்கு எடுத்துக் கொடுக்கிறது. பீட்சா மேல் உருகும் சைவச் சீஸுக்கும், கன்றின் வயிற்று நொதிக்குப் பதில் பூஞ்சை நொதி. இப்படி அடுக்கிக்கொண்டே போனால் சமையலறையை விட்டு வெளியே வர முடியாது.

வழவழப்புக்கு வருவோம். பெங்களூர்த் தமிழ் வீடுகளில் டிசம்பர் வந்தால் ஒரே புலம்பல்: மாவு பொங்கவில்லை. மெட்ராஸில் ராத்திரி கரைத்து வைத்தால் காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு நிற்கும் மாவு, இங்கே கல்லு மாதிரி உட்கார்ந்திருக்கும். ஓவனுக்குள் வைத்து விளக்கை மட்டும் போட்டு விடுகிறவர்கள் உண்டு. போர்வை சுற்றுகிறவர்களும் உண்டு. மாவைத் தூக்கி நிறுத்தும் வாயுவை முதலில் விடுவது லூகோனாஸ்டாக் மெசென்டராய்ட்ஸ் என்ற பாக்டீரியா. வாயுவை ஓடவிடாமல் பிடித்து வைப்பது உளுந்தின் வழவழப்பு. அதாவது இட்லியில் வயிறு பாக்டீரியாவுடையது, கூழ் உளுந்துடையது.

ஆனால் இதே பாக்டீரியாவின் கையில் சர்க்கரையைக் கொடுத்துப் பாருங்கள், தானே கூழ் செய்ய ஆரம்பித்துவிடும். மண்டியா பக்கத்துச் சர்க்கரை ஆலைக்காரர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வெட்டிய கரும்பு ஆலை வாசலில் லாரியிலேயே இரண்டு நாள் காய்ந்தால், வெட்டுவாய் வழியாக இது உள்ளே போய்ச் சர்க்கரையை டெக்ஸ்ட்ரான் என்ற பாலிமராக மாற்றிவிடும். சாறு கொழகொழக்கும், வடிகட்டி அடைக்கும், சர்க்கரை மணி பிடிக்காது. பாஸ்டர் 1861-லேயே பிரான்சில் ஒயினில் இந்தக் கொழகொழப்பைப் பார்த்திருக்கிறார். சர்க்கரைக்காரருக்குச் சனியனாக இருப்பதை 1940-களில் சுவீடனில் ரத்தத்துக்கு மாற்றாகப் பார்த்தார்கள். டெக்ஸ்ட்ரான் தண்ணீரைப் பிடித்து வைக்கும் அல்லவா? ரத்தம் நிறைய இழந்தவரின் நரம்பில் அதை ஏற்றினால், திரவம் வெளியே கசியாமல் ரத்தக் குழாய்க்குள் நிற்கும். ரத்தசோகைக்குப் போடும் இரும்பு ஊசிகளில் ஒரு வகை இரும்பும் டெக்ஸ்ட்ரானும் கலந்ததுதான். கண் வறண்டால் விடும் சில சொட்டுகளிலும் இருக்கிறது. ஈரம் காயாமல் காப்பதற்குத்தானே பாக்டீரியா அதைச் செய்கிறது.

சாந்தன் கதையும் இதே மாதிரி. முட்டைக்கோஸ் இலை ஓரத்திலிருந்து உள்நோக்கி 'வி' போல மஞ்சளாகக் கருகி, நரம்புகள் கறுத்து வரும் ஒரு நோய் உண்டு. காரணம் சாந்தோமோனாஸ் கேம்பெஸ்ட்ரிஸ் என்ற பாக்டீரியா. அது விடும் கூழின் பெயர்தான் சாந்தன். அந்தக் கூழ் இலை நரம்பை அடைத்துவிடும். தண்ணீர் போகாமல் இலை வாடும். அமெரிக்க வேளாண்மைத் துறையின் பியோரியா ஆய்வகத்தில் ஆலீன் ஜீன்ஸும் கூட இருந்தவர்களும் இந்தக் கூழைப் பிரித்து ஆராய்ந்தார்கள். 1969-ல் அமெரிக்காவில் உணவில் சேர்க்க அனுமதி கிடைத்தது. சாஸ் பாட்டிலில் ஐஎன்எஸ் 415 என்று தேடுங்கள். கவிழ்த்தால் வராது, ஒரு தட்டுத் தட்டினால் மளமளவென்று கொட்டும், தட்டில் விழுந்ததும் ஓடாமல் நிற்கும். அசைத்தால் நீர்க்கும், விட்டால் கெட்டிப்படும் அந்தக் குணம் சாந்தனுக்கு உரியது. எண்ணெய்க் கிணறு தோண்டும்போது பாறைத் துகள்களை மேலே சுமந்து வரும் சேற்றிலும் இதைக் கலக்கிறார்கள், அதே குணத்துக்காக.

இன்னும் உண்டு. திசு வளர்ப்பு வாழைக்கன்றுகளைச் சின்ன பாட்டிலில் பார்த்திருப்பீர்கள். அடியில் கண்ணாடி போலத் தெளிவாக நிற்கும் கூழ் சில ஆய்வகங்களில் ஜெல்லன், குளத்துச் செடியில் அகப்பட்ட ஒரு பாக்டீரியாவுடையது. இந்திராநகர்க் கடைகளில் கொம்புச்சா விற்கிறார்களே, அதன் மேலே மிதக்கும் ஆடை சுத்தமான செல்லுலோஸ். பாக்டீரியா நெய்தது, பருத்தி எதுவும் கலக்காதது. கேரளத்தில் அதையே தேங்காய்த் தண்ணீரில் வளர்த்துத் தோல் மாதிரிப் பை செய்கிறார்கள்.

இதெல்லாம் நடக்கிறது என்றால், பிளாஸ்டிக் பையை ஏன் இவற்றால் ஒழிக்க முடியவில்லை? பொருள் இல்லாமல் இல்லை. உடம்புக்குள் கொழுப்பு மாதிரி சேமிப்பதாகச் சொன்னேனே, அதன் பெயர் பிஎச்பி. 1926-ல் பிரான்சில் லெமொய்ன் என்ற ஆராய்ச்சியாளர் பேசில்லஸ் மெகாட்டீரியத்தில் கண்டார். சில பாக்டீரியாக்களைச் சர்க்கரையில் கொழிக்கவைத்து நைட்ரஜனை மட்டும் நிறுத்தினால், காய்ந்த எடையில் 80 சதவீதம்வரை இதைச் சேர்த்துவைக்கும். உருக்கி அச்சில் ஊற்றலாம். பிரிட்டனின் ஐசிஐ நிறுவனம் இந்த வகைப் பிளாஸ்டிக்கைத் தயாரிக்க, 1990-ல் ஜெர்மனியில் ஷாம்பு பாட்டிலாகக் கடைக்கும் வந்தது. மண்ணில் போட்டால் மண்ணிலிருக்கும் மற்ற பாக்டீரியாக்கள் நொதி விட்டுத் தின்றுவிடும். இன்னொருவர் சேமித்த கொழுப்புதானே அது. ஆனாலும் அந்த வியாபாரம் கைமாறிக் கைமாறிப் பத்தாண்டுக்குள் படுத்துவிட்டது.

என் கணிப்பில் சங்கதி மிகச் சாதாரணமான ஒரு கணக்கில் இருக்கிறது. சோப்புத்தூளில் நொதி நூற்றில் ஒரு பங்குகூட இருக்காது. வெட்டிவிட்டுத் தானும் மிச்சமிருக்கும். ஒரு கிலோ சாஸுக்குச் சாந்தன் 2, 3 கிராம் போதும். இத்துனூண்டு போட்டால் போதும் என்றால் விலை எவ்வளவானாலும் தாங்கும். பைக்கு அப்படி இல்லை. பத்து கிராம் பை என்றால் பத்து கிராமும் பாக்டீரியாதான் கொடுக்க வேண்டும். ஒரு கிலோ பிஎச்பிக்குக் கிட்டத்தட்ட 3 கிலோ சர்க்கரை வேண்டும். மேலே தொட்டியைக் கிருமி இல்லாமல் வைக்க ஆவி, காற்று ஊத மின்சாரம், உடம்பை உடைத்துப் பிரிக்கச் செலவு. எதிரில் பெட்ரோலியத்திலிருந்து வரும் பாலித்தீன், கிட்டத்தட்ட சும்மா கொடுக்கிற விலையில்.

அதனால்தான் அல்சூர் மார்க்கெட்டில் காய் வாங்கினால் 'மக்கும் பை' என்று பச்சை எழுத்தில் தருவது பெரும்பாலும் இது இல்லை. மாவுச்சத்தும், லாக்டிக் அமிலத்திலிருந்து செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக்கும், பெட்ரோலியத்திலிருந்தே வரும் மக்கக்கூடிய ஒரு பாலியெஸ்டரும் கலந்த கலவை. பிஎல்ஏயில்கூட பாக்டீரியா லாக்டிக் அமிலம் வரைதான் செய்து கொடுக்கும். அதைக் கோத்துப் பாலிமர் ஆக்குவது ஆலையின் வேதியியல். ஐஎஸ் 17088 என்ற இந்தியத் தரத்தில் மக்கும் என்றால், 58 டிகிரி வாக்கில் சூட்டோடு நடக்கும் உர ஆலையில் மக்கும் என்று பொருள். நம் வீட்டுத் தொட்டியிலோ ஏரிக்கரையிலோ அல்ல.

போன வாரம் இதையெல்லாம் யோசித்து, ஈரக் குப்பையை அந்தப் பச்சை எழுத்துப் பையிலேயே கட்டிக் கொடுத்தேன். குப்பை ஆட்டோ அக்கா முடிச்சை அவிழ்த்து, காய்த்தோலை டிரம்மில் கொட்டிவிட்டு, பையை உதறி உலர் குப்பைச் சாக்கில் போட்டார். "அக்கா, அது மக்குற பை" என்றேன்.

"பாத்தா தெரியுமாண்ணா? எல்லாம் கவருதான்" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு விசில் அடித்தார்.